வியர்வையும் இரைப்பும்: மா சிங் ஷீ கான் தாங் கஷாயம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

காய்ச்சல்காரருக்கு வியர்க்க வைக்கும் மருந்து கொடுத்தாயிற்று. வியர்த்தும் விட்டது. ஆனால் மூச்சு இரைக்கிறது. உடம்பைத் தொட்டால் பெரிதாகச் சுடவில்லை. இந்த நிலையில் லவங்கப்பட்டைக் குச்சிக் கஷாயத்தை மறுபடியும் கொடுக்கக் கூடாது. மா ஹுவாங், ஆப்ரிகாட் பருப்பு, அதிமதுரம், ஜிப்சம் நான்கும் சேர்ந்த கஷாயத்தைக் கொடுக்கலாம். ஷாங் ஹான் லுன் என்ற பழைய சீன மருத்துவ நூலின் 63ஆவது வாசகம் சொல்வது இவ்வளவுதான்.

ஏறத்தாழ 1800 வருடத்துக்கு முந்தைய அந்தக் கஷாயத்துக்குப் பெயர் மா சிங் ஷீ கான் தாங். சீனாவில் நெஞ்சுச்சளிக் காய்ச்சலுக்கும் இருமலோடு வரும் இரைப்புக்கும் வைத்தியர்கள் இன்றும் அதை எழுதித் தருகிறார்கள். ஜப்பானில் அது காய்ந்த துகளாகப் பொட்டலம் கட்டி, அரசுக் காப்பீட்டில் கிடைக்கிறது. கொரோனா காலத்தில் சீன அரசு முன்னிறுத்திய தயாரிப்புகளுக்குள்ளும் அது இருந்தது. கேட்டால் 'இருமலுக்கும் ஆஸ்துமாவுக்கும் சீன மூலிகை மருந்து' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காய்ச்சல் போகிற போக்கில் வரும் ஒரு கட்டத்துக்கு எழுதப்பட்ட கஷாயம் இது. கட்டத்தை மறந்துவிட்டுச் சரக்கை மட்டும் எடுத்துக்கொண்டவர்களிடம்தான் விபரீதம் நடந்திருக்கிறது. எப்படி என்று பார்ப்போம். ஆனால் விபரீதம் நடக்காத இடத்திலும் இது ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்தும் மருந்தாகிவிடுமா என்பது தனிக் கேள்வி.

எழுதியவரும் காலமும்

நூலாசிரியர் ஜாங் ஜோங்ஜிங், இன்றைய ஹெனான் மாகாணத்தின் நான்யாங் பகுதிக்காரர். கிழக்கு ஹான் அரசு ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலம். தன் குடும்பக் கிளையில் 200 பேருக்கு மேல் இருந்தார்கள், ஜியான்ஆன் ஆண்டுக்கணக்கு தொடங்கி, அதாவது பொ.ஆ. 196க்குப் பிறகு, பத்து வருடம் முடிவதற்குள் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு செத்துப்போனார்கள், செத்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் குளிர்க்காய்ச்சலால் போனவர்கள் என்று முன்னுரையில் எழுதுகிறார். கொள்ளைநோயை வீட்டுக்குள்ளேயே பார்த்தவரின் புத்தகம் அது. அதனால்தானோ என்னவோ, அதில் தத்துவம் குறைவு, 'இப்படி இருந்தால் இதைக் கொடு, அப்படி மாறினால் அதை நிறுத்து' என்பது அதிகம். முதலில் என்ன சிகிச்சை நடந்தது, அதற்கு உடம்பு எப்படிப் பதில் சொன்னது என்பதையும் சேர்த்தே ஒவ்வொரு வாசகமும் பேசுகிறது. மூலப்பிரதி சிதறிப்போய், மூன்றாம் நூற்றாண்டில் வாங் ஷுஹே தொகுத்தார். 1065இல் சோங் அரசு திருத்தி வெளியிட்ட பதிப்புதான் இன்று எல்லோரும் எண் சொல்லிக் குறிப்பிடுகிற வடிவத்துக்கு அடிப்படை.

நான்கு சரக்குகள்

மா ஹுவாங்தான் முதன்மைச் சரக்கு. எஃபெட்ரா இனச் செடி. இலை என்று சொல்லும்படி இலை கிடையாது. கணுக்கணுவான மெல்லிய பச்சைக் குச்சிகள்தான். உள்மங்கோலியா, ஷான்சி, கான்சு, நிங்சியா என்று சீனாவின் வறண்ட வடக்கில் வளர்கிறது. மருந்துக்குக் குச்சியை எடுப்பார்கள். அதே செடியின் வேருக்கு நேர் எதிர் வேலை: குச்சி வியர்க்க வைக்கும், வேரை வியர்வையை நிறுத்தக் கொடுப்பார்கள். அதனால் சரக்கில் வேர் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது மருந்துக்கடைக்காரரின் அடிப்படைக் கடமை. குச்சியில் இருக்கும் எஃபெட்ரின், சூடோஎஃபெட்ரின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள்தான் முக்கியம். இவை மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். கூடவே இதயத்தைத் துரிதப்படுத்தும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும்.

ஆப்ரிகாட் பருப்பில் கசப்பு வகையைத்தான் சேர்க்கிறார்கள். அந்தக் கசப்புக்குக் காரணம் அமிக்டலின். அது உடைந்தால் ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். நம்பவே கஷ்டமாக இருக்கும், ஆனால் இருமலை அடக்குவது மிகச் சிறிய அளவில் வெளிவரும் அந்தச் சயனைடுதான் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். பருப்பை வெந்நீரில் போட்டெடுத்துத் தோலை உரிப்பது சும்மா சடங்கு இல்லை. அமிக்டலினை உடைக்கும் நொதி அந்தச் சூட்டில் செயலிழக்கிறது. விஷம் ஒரேயடியாக வெளிவராது. மருந்துகளின் தரத்தையும் அளவையும் வரையறுக்கும் அரசு நூலான சீன மருந்தியல் நெறிநூலே இதைச் சற்று நச்சுள்ள சரக்கு என்று குறிக்கிறது, அளவு 5 முதல் 10 கிராம். பச்சையாக ஒரு கைப்பிடி மென்று தின்னக் கூடாத பொருள்.

மூன்றாவது ஜிப்சம், அதாவது நீரேறிய கால்சியம் சல்பேட். சீன வைத்தியக் கணக்கில் இது குளிர்ச்சி. மா ஹுவாங் சூடு. ஏற்கெனவே வியர்த்துக்கொண்டிருப்பவருக்கு வியர்க்க வைக்கும் சரக்கைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, இரண்டு பங்கு ஜிப்சம் சேர்த்து அதன் சூட்டை மட்டுப்படுத்திவிட்டால் கொடுக்கலாம் என்பதுதான் ஜாங் ஜோங்ஜிங்கின் பதில். வேதியியல் கணக்குப் போட்டால் இது கொஞ்சம் நெருடும். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம் ஜிப்சம்தான் கரையும். கடைசியில் இரண்டு கோப்பையாக வற்றுகிற கஷாயத்தில் ஒரு கிராம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் பானையின் அடியில். கரைந்த அந்தக் கொஞ்சத்துக்குக் காய்ச்சலைத் தணிக்கும் சக்தி எவ்வளவு என்பதில் மருந்தியலாளர்கள் ஒத்துப்போவதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாங் சீசுன் என்ற பெயர்பெற்ற சீன வைத்தியர் இதற்கு ஒரு வழி செய்தார். ஜிப்சக் கஷாயத்தோடு ஆஸ்பிரினைச் சேர்த்து ஒரு மருந்தாகவே எழுதி வைத்தார். பரம்பரை வைத்தியம் என்றால் மாறாமல் உறைந்து நிற்பது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நான்காவது அதிமதுரம். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைப்பதற்கு நெருங்கிய சொந்தமான சீன வகை. தொண்டைக்கு இதம், மற்ற மூன்றையும் இணக்கமாக வைத்திருப்பது என்று அதற்கு வேலை. ஆனால் அதிலுள்ள கிளிசிரைசின் நாள்பட உள்ளே போனால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஆக இந்தக் கஷாயத்தில் ரத்த அழுத்தத்தை ஏற்ற இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆஸ்துமாக்காரருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அவர் வழக்கமாக எடுக்கும் சால்புட்டமால், தியோஃபிலின், ஸ்டீராய்டு மாத்திரை எல்லாமே அளவு கூடினால் பொட்டாசியத்தைக் குறைக்கக் கூடியவை. அதிமதுரம் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்துகொள்கிறது. பொட்டாசியம் மிகவும் குறைந்த நேரத்தில் இதயத் துடிப்பைத் துரிதப்படுத்தும் மா ஹுவாங்கும் உள்ளே போனால் இதயத்தின் தாளம் தப்பலாம்.

காய்ச்சும் முறையும் அளவுத் தகராறும்

ஏழு ஷெங் தண்ணீர். ஒரு ஹான் காலத்து ஷெங் சுமார் 200 மில்லி. முதலில் மா ஹுவாங்கை மட்டும் போட்டு இரண்டு ஷெங் வற்றும்வரை கொதிக்கவிட வேண்டும். மேலே திரளும் நுரையை எடுத்துக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் மற்ற மூன்றையும் போட்டு, இரண்டு ஷெங்காக வற்றவிட்டு, வடிகட்டி, வெதுவெதுப்பாக ஒரு ஷெங் குடிக்க வேண்டும். நுரையை ஏன் எடுக்க வேண்டும்? அதைக் குடித்தால் மனம் படபடக்கும் என்று தாவ் ஹொங்ஜிங் என்பவர் 1500 வருடத்துக்கு முன்பே காரணம் எழுதியிருக்கிறார். நுரையில்தான் அந்தக் குணம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஆனால் மா ஹுவாங் படபடப்பைத் தரும் என்பதைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு மாற்றும் தேடியிருக்கிறார்கள். பிற்காலத்தில் இருமல், இரைப்புக்கென்று கொடுக்கும்போது குச்சியைத் தேனில் புரட்டி வறுத்தெடுக்கும் பழக்கம் வந்தது. அப்படிச் செய்தால் வியர்க்க வைக்கும் வேகம் குறைகிறது, மூச்சுக்குச் செய்யும் உதவி பெரிதாகக் குறைவதில்லை.

மூலத்தில் அளவு இப்படி: மா ஹுவாங் 4 லியாங், ஆப்ரிகாட் பருப்பு 50 எண்ணம், அதிமதுரம் 2 லியாங், ஜிப்சம் அரை ஜின், அதாவது 8 லியாங். சரி, ஒரு லியாங் என்பது எத்தனை கிராம்? இதில்தான் பெரிய தகராறு. பழைய ஒரு லியாங்குக்கு இன்றைய ஒரு ச்சியன், அதாவது லியாங்கில் பத்தில் ஒரு பங்கு, போதும் என்று மிங் காலத்து லீ ஷிஜென் சொன்னார். அப்படிப் பார்த்தால் ஏறத்தாழ 3 கிராம். ஹான் காலத்து எடைக்கற்களை அளந்த ஆய்வாளர்களோ ஒரு லியாங் 15 கிராமை ஒட்டி வரும் என்கிறார்கள். எனவே 4 லியாங் என்பது ஒரு கணக்கில் 12 கிராம், இன்னொரு கணக்கில் 60 கிராம்.

இந்த வித்தியாசம் உயிரோடு விளையாடும் வித்தியாசம். இன்றைய சீன மருந்தியல் நெறிநூல் மா ஹுவாங்கில் இரண்டு எஃபெட்ரின்களும் சேர்ந்து குறைந்தது 0.8 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. 60 கிராமில் அது 480 மில்லிகிராம். அத்தனையும் கஷாயத்தில் இறங்காது, பானையில் இருப்பதும் இரண்டு வேளைக்கு; இருந்தாலும் பயமுறுத்தும் எண்தான். பிற்காலத்தில் ஆஸ்துமாவுக்கு வந்த எஃபெட்ரின் மாத்திரையில் ஒரு வேளைக்கு 25 முதல் 50 மில்லிகிராம்தான் இருந்தது. நெறிநூல் இன்று மா ஹுவாங்குக்கு அனுமதிக்கும் அளவு 2 முதல் 10 கிராம்.

ஜப்பானியர்கள் இந்த விஷயத்தில் ரொம்ப சிக்கனம். அங்கே கம்போ எனப்படும், சீன மருத்துவத்திலிருந்து வந்த ஜப்பானிய மூலிகை மருந்துகள் 148 காப்பீட்டுப் பட்டியலில் உள்ளன. அவற்றில் இந்தக் கஷாயமும் ஒன்று, பெரிய தயாரிப்பு நிறுவனமான ட்சுமுராவின் வரிசையில் 55ஆம் எண். ஒரு நாளைக்கான பொட்டலங்களில் ஜிப்சம் 10 கிராம், மா ஹுவாங் 4, ஆப்ரிகாட் பருப்பு 4, அதிமதுரம் 2 கிராம் அளவுக்கான சாறு. ஜப்பானிய நெறிநூலின் குறைந்தபட்ச வரம்பான 0.7 சதவீதத்தை வைத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 28 மில்லிகிராம் எஃபெட்ரின்கள், அதையும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. ஒரே பெயர் கொண்ட கஷாயம் ஊருக்கு ஊர் இத்தனை மாறும்போது, 'இந்தக் கஷாயம் வேலை செய்யுமா?' என்று மொட்டையாகக் கேட்பதில் அர்த்தமில்லை.

பெய்ஜிங், 1923

நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானிய வேதியியலாளர் 1885இலேயே மா ஹுவாங்கிலிருந்து எஃபெட்ரினைப் பிரித்தெடுத்துவிட்டார். ஆனால் அப்போது கண்ணின் பாவையை விரிக்கும் மருந்தாகத்தான் அதைப் பார்த்தார்கள். பெய்ஜிங் யூனியன் மருத்துவக் கல்லூரிக்கு 1923இல் சென் கேஹுயி வந்து சேர்ந்த பிறகுதான் கதை மாறியது. அமெரிக்காவில் விஸ்கான்சினில் படித்துவிட்டுத் திரும்பிய இளைஞர். சொந்தத்திலேயே சீன வைத்தியம் தெரிந்த ஒருவர் மா ஹுவாங்கைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தார். கார்ல் ஷ்மிட் என்ற அமெரிக்கரோடு சேர்ந்து, மயக்கத்தில் இருந்த நாய்களுக்கு அதன் சாற்றைச் செலுத்திப் பார்த்தார். ரத்த அழுத்தம் ஏறியது. அட்ரினலின் செய்வதைப் போலவே இருந்தது, ஆனால் நெடுநேரம் நீடித்தது. 1924இல் முடிவுகள் வெளியாயின.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், அப்போது ஆஸ்துமா இழுப்புக்குக் கையிலிருந்த நல்ல ஆயுதம் அட்ரினலின் ஊசி. வாய்வழியாகக் கொடுத்தால் அது குடலிலும் ஈரலிலுமே சிதைந்துவிடும். எஃபெட்ரினோ மாத்திரையாக விழுங்கினாலே வேலை செய்தது, மணிக்கணக்கில் நின்றது. சில வருடங்களுக்குள் உலகம் முழுக்க ஆஸ்துமா மாத்திரை ஆகிவிட்டது. சென் 1929இல் எலை லில்லி நிறுவனத்தின் மருந்தியல் ஆராய்ச்சித் தலைவரானார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. எஃபெட்ரின் மட்டும் தனியாகப் போனபோது நோயாளிகளுக்குக் கை நடுங்கியது, தூக்கம் போனது. அதைச் சரிக்கட்ட எஃபெட்ரின், தியோஃபிலின், ஃபீனோபார்பிட்டால் மூன்றையும் ஒரே மாத்திரையில் சேர்த்தார்கள். எஃபெட்ரின் 24 மில்லிகிராம், தியோஃபிலின் 130, தூக்க மருந்தான ஃபீனோபார்பிட்டால் 8. ஹான் காலத்து வைத்தியர் ஜிப்சத்தை வைத்துச் செய்ய நினைத்ததை மேற்கத்திய மருந்துக் கம்பெனி ஃபீனோபார்பிட்டாலை வைத்துச் செய்தது. 1970களின் நடுவில் ஆஸ்துமாக் குழந்தைகளிடம் ஒழுங்காகச் சோதித்தபோது, தியோஃபிலினோடு எஃபெட்ரினைச் சேர்ப்பதால் பலன் கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது என்று தெரிந்தது. அதற்குள் 1969இல் சால்புட்டமால் இன்ஹேலரும் 1972இல் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரும் வந்துவிட்டன. எஃபெட்ரின் ஆஸ்துமாவிலிருந்து மெல்ல ஒதுங்கியது. இன்று அதற்குப் பெரிய வேலை ஆபரேஷன் தியேட்டரில்: சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போட்டதும் தாய்க்கு ரத்த அழுத்தம் சரிந்தால் தூக்கிவிட. சென் தன் நாய்களிடம் பார்த்த அதே குணம்.

மூலிகை 'இயற்கை' ஆனபோது

அமெரிக்காவில் 1994இல் வந்த ஒரு சட்டம், மூலிகைத் தயாரிப்புகளை உணவுத் துணைப்பொருளாக, முன்கூட்டிச் சோதனை நடத்திக் காட்டாமலே விற்க வழிவிட்டது. மா ஹுவாங் உடல் இளைக்கும் மாத்திரையாகக் கடைக்கு வந்தது. பெரும்பாலும் காஃபினோடு சேர்த்து. ஆப்ரிகாட் இல்லை, ஜிப்சம் இல்லை, இருமல் இல்லை, காய்ச்சலும் இல்லை. லேபிளில் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் வரை எஃபெட்ரின் வகைகள், அதுவும் வாரக்கணக்கில். உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997இல் ஒரு நாளைக்கு 24 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, ஏழு நாளுக்கு மேல் கூடாது என்று வரைவு கொண்டுவந்தது. தொழில்துறை எதிர்த்தது, அந்த வரம்புகள் கைவிடப்பட்டன. ஜப்பானியப் பொட்டலத்தின் தினசரி அளவு அந்த 24க்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

2003 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் பயிற்சியில் இருந்த பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர், 23 வயது, வெப்பத்தாக்கில் விழுந்து மறுநாள் இறந்தார். அவர் எஃபெட்ரா மாத்திரை எடுத்திருந்தார். மரணத்தில் அதற்கும் பங்கு உண்டு என்று பிரேதப் பரிசோதனை அதிகாரி சொன்னார். அந்த வருடக் கடைசியில் தடை அறிவிக்கப்பட்டு, 2004 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தடை விதியில் ஒரு விலக்கு இருந்தது: பாரம்பரிய ஆசிய மருத்துவத்தில் மா ஹுவாங்கைப் பயன்படுத்துவதை அது தொடவில்லை. வைத்தியர் நாடி பார்த்து, சில நாளுக்கு எழுதித் தருவதையும், இளைப்பதற்காக மாதக்கணக்கில் விழுங்குவதையும் விதி எழுதியவர்கள் பிரித்தே பார்த்திருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

எஃபெட்ரினிலிருந்து மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளைச் செய்யலாம் என்பது இன்னொரு தலைவலி. அதை 1893இல் முதலில் செய்தவரும் அதே நாகாய்தான். அதனால் உலகெங்கும் எஃபெட்ரின் கண்காணிப்பில் உள்ள பொருள். போதாக்குறைக்கு, காட்டு மா ஹுவாங்கைத் தோண்டித் தோண்டி வடக்குப் புல்வெளிகள் பாலையாவதைப் பார்த்து, 2000இல் சீன அரசு அதையும் அதிமதுரத்தையும் கண்டபடி தோண்டக் கூடாதென்று கட்டுப்பாடு கொண்டுவந்தது.

பலன் உண்டா: கையிலுள்ள ஆதாரம்

இந்தக் கஷாயத்தைப் பற்றிப் பேசுபவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் ஆய்வு 2009 பன்றிக்காய்ச்சல் காலத்தில் நடந்தது. சீனாவின் நான்கு மாகாணங்களில் 11 மருத்துவமனைகள், 15 முதல் 59 வயதுக்குட்பட்ட 410 நோயாளிகள். நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள்: ஒன்றுக்கு ஓசெல்டாமிவிர் என்ற ஃபுளூ வைரஸ் மாத்திரை, ஒன்றுக்கு மா சிங் ஷீ கான் கஷாயத்தையும் யின் ச்சியாவ் சான் என்ற இன்னொரு மருந்தையும் இணைத்த கஷாயம், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு எதுவுமில்லை. எதுவும் எடுக்காதவர்களுக்குக் காய்ச்சல் இறங்க இடைநிலையாக 26 மணி நேரம் ஆனது. ஓசெல்டாமிவிர் அதை 34 சதவீதமும், கஷாயம் 37 சதவீதமும், இரண்டும் சேர்ந்து 47 சதவீதமும் குறைத்தன. முடிவு 2011இல் அமெரிக்காவின் மதிப்புமிக்க மருத்துவ இதழில் வந்தது.

நல்ல ஆய்வுதான். ஆனால் என்னென்ன நிரூபிக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். கஷாயம் குடிப்பவருக்குத் தான் கஷாயம் குடிப்பது தெரியும்; போலி மருந்து கொடுக்கப்படவில்லை. நோயாளிகள் சிக்கல் இல்லாத, இளவயதினர். குடித்தது 12 சரக்குகள் சேர்ந்த கலவை, பழைய நான்கு மட்டும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், அளந்தது காய்ச்சல் இறங்கும் நேரத்தை. ஆஸ்துமாவைப் பற்றி இது ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லப்போனால் 63ஆவது வாசகத்தின் களத்துக்கு, அதாவது தொற்றுக்காய்ச்சலுக்கு, மிக நெருக்கமாக நின்ற ஆய்வு அது. அந்தக் களத்தில் அது சுமாராகத் தேறியது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கொரோனாவில் கதை இன்னும் கலங்கலானது. 2020 பிப்ரவரியில் சீன அரசு பரிந்துரைத்த 21 சரக்குள்ள ச்சிங்ஃபெய் பாய்து கஷாயத்திலும், 2003 சார்ஸ் காலத்தில் உருவான லியன்ஹுவா ச்சிங்வென் மாத்திரையிலும் நம் நான்கு சரக்குகளும் உள்ளே இருக்கின்றன. நல்லெண்ணமும் தேசப் பெருமையும் வியாபாரமும் ஒன்றாகக் கலந்துவிட்ட இடத்தில் மருந்தின் பலனைத் தனியே பிரித்துப் பார்ப்பது லேசான காரியமில்லை.

ஆஸ்துமாவுக்கு வருவோம். ஆஸ்துமா என்பது அடிப்படையில் மூச்சுக்குழாயின் நாள்பட்ட அழற்சி. குழாய் சுருங்குவது அதன் வெளிப்பாடு. எஃபெட்ரின் சுருக்கத்தைத் தளர்த்தும், அழற்சியைத் தொடாது. தளர்த்தும் மருந்தை மட்டும் நம்பி வண்டியை ஓட்டினால் நோயாளிக்குச் சுகம் தெரியும், உள்ளே வீக்கம் கூடிக்கொண்டே போகும், ஒரு நாள் கடுமையான இழுப்பில் மாட்டிக்கொள்வார். இதனால்தான் ஜினா எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019இலிருந்து, பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் சால்புட்டமால் போன்றவற்றை மட்டும் தனியாகக் கொடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை; ஸ்டீராய்டு இன்ஹேலர் கூடவே இருக்க வேண்டும் என்கிறது. மூச்சுக்குழாயை முக்கியமாகக் குறிவைக்கும் நவீன சால்புட்டமாலுக்கே இந்தக் கதி என்றால், உடம்பு முழுக்கப் பரவும் எஃபெட்ரினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சீன மூலிகையை வைத்து ஆஸ்துமாவை உண்மையிலேயே பிடிக்கப் பார்த்தவர்கள் மா ஹுவாங்கை விட்டுவிட்டது கவனிக்க வேண்டிய ஒன்று. ஆஷ்மி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு கலவையில் மூன்றே பொருள்: லிங்ஜி காளான், சோஃபோரா வேர், அதிமதுரம். 2005இல் வெளியான ஆய்வில் மிதமான, கடுமையான ஆஸ்துமா உள்ள 91 பேரிடம் நான்கு வாரம் இதையும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் நுரையீரல் திறன் முன்னேறியது, பிரெட்னிசோனில் சற்றுக் கூடுதலாக. ஆனால் பிரெட்னிசோன் உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசோலை அடக்கியது, மூலிகை அடக்கவில்லை. நான்கு வாரம், 91 பேர் என்பதெல்லாம் வருடக்கணக்கில் நீடிக்கும் நோய்க்கு ரொம்பச் சின்ன ஆதாரம். என்றாலும் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

யாருக்கு ஆகாது

தேறிய சீன வைத்தியர் கையில், சளிக்காய்ச்சலின் கூடவே வரும் இருமலுக்கும் லேசான இரைப்புக்கும், ஓரிரு நாளுக்கு, நெறிநூல் அளவுக்குள் என்றால் இந்தக் கஷாயத்தின் மேல் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பதிலாக என்றால் ஒரு நாள்கூட ஒப்ப மாட்டேன். பேச முடியாத அளவு இழுப்பு, உதடு நீலம் பாய்வது, பஃப் அடித்தும் கேட்காதது என்றால் கஷாயம் காய்ச்ச நேரமில்லை, நேரே ஆஸ்பத்திரிதான்.

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், துடிப்புக் கோளாறு, தைராய்டு மிகைச் சுரப்பு, கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கு மா ஹுவாங் ஆகாது. புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். மன அழுத்தத்துக்கு மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பி வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் ஆபத்தான உயரத்துக்கு எகிறலாம். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள நம்மவர்களுக்குச் சீன மருந்துக்கடை தெருவிலேயே இருக்கும். இன்ஹேலர் எழுதித் தந்த டாக்டரிடம் பொட்டலத்தையும், பொட்டலம் தருபவரிடம் இன்ஹேலரையும் காட்டிவிட்டு எடுப்பது நல்லது.

'மூலிகை' என்று சொல்லி விற்கும் இரைப்பு மருந்துக்குள் வேறென்ன இருக்கிறது என்பதும் ஒரு கவலை. கலிஃபோர்னியா சுகாதாரத் துறை 1990களில் 260 ஆசிய மருந்துகளைச் சோதித்ததில் 83இல் லேபிளில் சொல்லாத அலோபதி மருந்தோ, ஈயம், ஆர்சனிக், பாதரசமோ இருந்தன. ஒளித்து வைக்கப்பட்டவற்றில் எஃபெட்ரினும் ஒன்று. இரண்டே வேளையில் இழுப்பு மாயமாக நின்றுவிட்டால், அதைச் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம்.

விளையாட்டு வீரர்களுக்குத் தனி எச்சரிக்கை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விதிப்படி, போட்டி நேரத்தில் சிறுநீரில் எஃபெட்ரின் மில்லிக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் குற்றம். 1994 உலகக் கோப்பையிலிருந்து மாரடோனா வெளியேற்றப்பட்டது எஃபெட்ரின் வகைகளால்தான். சளிக்காகக் குடித்தேன் என்ற விளக்கம் பரிசோதனைக் கூடத்தில் எடுபடாது.